பத்து பத்துக்குக் கிளம்பும் விமானம்

எந்த நேரத்தைக் கேட்டாலும் பெரியவள் அதன் தலையில் ஓர் அரைமணியை ஏற்றித்தான் சொல்வாள். அரிசி வேக எவ்வளவு நேரம் என்றால் ஐம்பது நிமிடம். கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு நடக்க முக்கால் மணி. பல் பிடுங்கப் போன இடத்தில் அம்மா நடுங்கிக்கொண்டே, "எவ்வளவு நேரம்டி ஆகும்?" என்று கேட்டபோது, "முப்பத்தஞ்சு நிமிஷம்மா" என்று சொல்லி, நாற்காலியில் உட்காரும் முன்பே அவளை அழவைத்துவிட்டாள். பல் ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டது. மீதி அரைமணியும் அம்மா பஞ்சைக் கடித்துக்கொண்டு அவளைத் திட்டுவதில் போனது.

பதினைந்து வயது இளைய தங்கை இந்தப் பழக்கத்தை நான்காம் வகுப்பிலிருந்து பார்த்துவந்தாள். வீட்டில் அக்கா பெரியவள் என்றால் இவள் சின்னவள். பள்ளிக்கூடம் இருபது நிமிட நடை. பெரியவள் கணக்கில் ஐம்பது. அதனால் தினமும் பூட்டிய இரும்புக் கதவுக்கு முன்னால் புத்தகப் பையோடு முதலில் நிற்பது சின்னவள்தான். காவலாளி வாய் நிறையப் பற்பசை நுரையோடு வந்து திறப்பார். "என்ன பாப்பா, நேத்து வீட்டுக்குப் போகவே இல்லியா?"

அதற்கு முன்பு அக்கா அப்படி இல்லை என்பது சின்னவளுக்கு லேசாக நினைவிருந்தது. இரண்டாம் வகுப்பில் கடைசி மணி அடிக்கும்போது ஓடியிருக்கிறார்கள், அக்கா கையைப் பிடித்து இழுத்தபடி, இருவரும் சிரித்துக்கொண்டு. நடுவில் எப்போது என்ன ஆயிற்று என்று அவள் யோசித்ததே இல்லை. வீட்டில் இருப்பவர்களின் பழக்கத்தை யார் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்?

பெரியவள் வேலை பார்த்தது விமான டிக்கெட் போட்டுத் தரும் ஓர் அலுவலகத்தில். பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே, மருந்துக்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஒரே ஒரு ஷட்டர் அகலம் உள்ள இடம். உள்ளே மூன்று பேர். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் முதலாளி. பாஸ்போர்ட், விசா விண்ணப்பங்களை நிரப்பும் விசா அண்ணன். வாசலைப் பார்த்த கவுண்டரில் பெரியவள். அப்பா இறந்த வருடம், பன்னிரண்டாவது முடித்த கையோடு, பதினெட்டு வயதில் அங்கே போய் உட்கார்ந்தவள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் எதிர் ஆஸ்பத்திரியில் "இனி எங்களால் முடியாது, அங்கே போய்ப் பாருங்கள்" என்று எழுதி வாங்கியவர்கள். அந்த "அங்கே" மேற்கே இருந்த பெருநகரம். காலை பத்து பத்துக்கு ஒரே விமானம். அந்த ஊர் நேரம் இந்த ஊருக்கு ஒரு மணி பின்னால் ஓடும். வழியனுப்ப வருகிறவர்கள் குழம்பக் கூடாது என்று முதலாளி சுவரில் இரண்டு கடிகாரங்களை மாட்டியிருந்தார். ஒன்று இந்த ஊருக்கு, ஒன்று அந்த ஊருக்கு. இரண்டும் கவுண்டரில் உட்காருபவரின் முதுகுக்குப் பின்னால், வாடிக்கையாளர் கண்ணுக்கு நேராக இருந்தன.

ஆனால் பெரியவளின் மேஜை மட்டும் கோணலாகக் கிடக்கும். கடிகாரங்கள் தன் கண்ணிலும் படும்படி அவளே திருப்பிப் போட்டுக்கொண்டது. எதிரே உட்காருகிறவர் ஒரு தோளைச் சுவரில் இடித்துக்கொண்டுதான் பேச வேண்டும். முதலாளி சொல்லிச் சொல்லி அலுத்துப்போனார்.

"ஏம்மா, அந்த மேஜைய நேரா போட்டா உனக்கு என்ன போச்சு?"

"இருக்கட்டும் சார். எனக்கு இப்படித்தான் வசதி."

"உனக்கு வசதி சரி. வர்றவன் கழுத்து சுளுக்கி எதிர் ஆஸ்பத்திரிக்குப் போறானே!"

"போனா அங்கேருந்து நம்மகிட்டதான சார் டிக்கெட்டுக்கு வருவான்" என்பார் விசா அண்ணன். பெரியவளுக்கு 'அரைமணி' என்று பெயர் வைத்தவர் அவர்தான். மூன்று மணி ஐம்பது நிமிடப் பயணத்துக்கு அவள் நாலு இருபது என்பாள். வாடிக்கையாளர்கள், "சொன்னதுக்கு முன்னாடியே எறக்கி விட்டுட்டான்மா" என்று மகிழ்ச்சியோடு திரும்பிவந்து சொல்வார்கள். அதுவும் வியாபாரத்துக்கு நல்லதுதான் என்று முதலாளி அந்த ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்.

இன்னொரு விஷயம் வருடத்துக்கு ஒரு முறை நடக்கும். மழை தொடங்கும் மாதத்தில், ஒரே தேதியில், காலை பதினொரு மணி வாக்கில் பெரியவளின் கைப்பேசிக்கு ஓர் அழைப்பு வரும். எண்ணைப் பார்த்ததும் எழுந்துபோவாள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் வீட்டு மாடிப்படியின் திருப்பத்தில் நின்று பேசுவாள். பேசுவது என்ன, கேட்டுக்கொண்டிருப்பாள். "ம்... சரிங்கய்யா... அதெல்லாம் ஒண்ணுமில்லீங்கய்யா... உடம்பப் பாத்துக்குங்க." அன்று பகல் சாப்பிடமாட்டாள்.

சின்னவளும் அம்மாவும் இதற்கு ஒரு கதை கட்டி வைத்திருந்தார்கள். வந்த வரன்களை எல்லாம் பெரியவள் தட்டிக் கழித்துக்கொண்டிருந்த காலம் அது.

"உங்கக்கா மனசுல யாரோ இருக்கான்டி. மாடிப்படி மாப்பிள்ள."

"ஐயான்னு கூப்பிடறாம்மா."

"அதான் பயமா இருக்கு. கெழவனா இருப்பானோ?"

சிரித்தார்கள். பெரியவள் கீழே இறங்கிவந்து, எதற்குச் சிரிப்பு என்று கேட்காமல் பாத்திரங்களைத் தேய்க்கத் தொடங்குவாள்.

சின்னவள் கணிதம் படித்தாள். அந்தக் குடும்பத்தில், அப்பா வழியிலும் சரி அம்மா வழியிலும் சரி, கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கிய படத்தைச் சட்டம் போட்டு மாட்டிய ஆணி துருப்பிடிக்கும்வரை வேலை கிடைக்கவில்லை. ஒன்றரை வருடம். "படிச்ச புள்ளைக்குத் தெரியாததா" என்று தெருவில் எல்லாரும் எல்லாவற்றுக்கும் அவளிடம் வந்தார்கள், மின்சாரக் கட்டணத்திலிருந்து மருமகள் மேல் புகார் எழுதுவதுவரை. அவளுக்கோ தனக்கு என்ன தெரியும் என்பதே சந்தேகமாக இருந்தது. அக்காவின் பத்து வருடச் சம்பளத்தை விழுங்கி நான் கற்றுக்கொண்டது என்ன? இந்தக் கேள்வி வந்தால் புரண்டு படுப்பாள். எந்தப் பக்கம் புரண்டாலும் அதுவும் கூடவே புரளும்.

கடைசியில் வேலை கொடுத்தவர் அக்காவின் முதலாளிதான். இணையதளம் வேண்டும் அவருக்கு.

"உலகத்துல எவன் எந்த ரெண்டு ஊர் பேர அடிச்சாலும் நம்ம கடை வாசல்ல வந்து நிக்கணும்மா. இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் வான்வழியா எத்தன கிலோமீட்டர், ப்ளேன் எவ்வளவு நேரம். அவ்வளவுதான். நானூறு ஜோடி போடு. நீ கணக்கு படிச்சவளாச்சே."

விசா அண்ணன் அவளுக்கும் அன்றே பெயர் வைத்துவிட்டார். "வா கால்மணி, உக்காரு."

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதுதான் அவளுக்கே ஆச்சரியம். தட்டையான வரைபடத்தில் அளவுகோல் வைத்தால் தூரம் தப்பாக வரும். பூமியின் வளைவில் ஓடும் கோட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. மூன்றாம் ஆண்டில் மதிப்பெண்ணுக்காக மட்டும் படித்ததை இப்போது தேடி எடுத்தாள். தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம். அதோடு நிறுத்தாமல், விமான நிறுவனங்களின் அட்டவணையை எடுத்து, இறங்கும் நேரத்திலிருந்து கிளம்பும் நேரத்தைக் கணினியே கழித்துக்கொள்ளும்படி எழுதினாள். அட்டவணை என்பது நிறுவனமே சொல்வது; சூத்திரத்தைவிட அதுதானே உறுதி? ஒரே நாளில் நானூறு வரிகள் வந்து விழுந்தன. பட்டம் வாங்கிய நாளில்கூட அவள் அவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்ததில்லை.

மறுநாள் காலை பெரியவள் தேநீர்க் குவளையோடு பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். முதல் வரி மேற்கே போகும் அந்த ஒரே விமானம். கிளம்பும் நேரம் பத்து பத்து. இறங்கும் நேரம் ஒன்று. பறக்கும் நேரம்: இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

"இத யாரு போட்டது?"

"நான்தான். மிஷினே கழிச்சுப் போட்டுடுச்சு."

"அழி."

"ஏன்? ஒன் அரைமணிய சேக்கலன்னா? பொய்க் கணக்கெல்லாம் நான் போட மாட்டேன்க்கா. அட்டவணைல இருக்கறதுதான் போட முடியும்."

"அழிடி மொதல்ல!"

விசா அண்ணன் தலை நிமிர்ந்தார். பெரியவள் கடையில் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. அவள் கை சுவரைக் காட்டியது. இரண்டு கடிகாரங்கள். ஒன்றில் ஒன்பதரை, ஒன்றில் எட்டரை.

சின்னவளுக்கு உறைத்துவிட்டது. இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். அது ஒரு மணி பின்னால் ஓடுவதைச் சேர்த்துக்கொள்ளாமல் கழித்துவிட்டாள். இரண்டு ஐம்பது இல்லை, மூன்று ஐம்பது. நாக்கைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயய்யோ, ஒரு மணி நேரம் வுட்டுப் போச்சு. சரி, மாத்திடறேன். இதுக்குப் போய் இந்தக் கத்து கத்தற? ஒரு மணி நேரந்தான, இப்ப யாரு செத்துட்டாங்க?"

தேநீர்க் குவளை மேஜைமேல் வைக்கப்பட்டது. கொட்டவில்லை, உடையவில்லை. மிக மெதுவாகத்தான் வைத்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், ஜெராக்ஸ் கடை நிழலில், சாலையைப் பார்த்தபடி நின்றாள். மதியம்வரை உள்ளே வரவில்லை.

வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள், "நாளைக்கு வெளியூர் பாஸ்போர்ட் ஆபீசுக்குப் போறேன், ராத்திரி ஆயிடும்" என்று அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, மறுநாள் விடியும் முன் கிளம்பினாள். எப்போதும்போல அரைமணி முன்னதாக.

அதற்கு மறுநாள்தான் சின்னவள் கணினியில் அதைப் பார்த்தாள். முந்தைய நாள் பதிவுகளைச் சரிபார்ப்பது அவள் வேலை. பட்டியலில் அக்காவின் பெயர் இருந்தது. பத்து பத்து விமானத்தில் போக ஒன்று, அன்று மாலையே திரும்ப ஒன்று. இருபது வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் டிக்கெட் போட்டவள், ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. ஏறிவிட்டு, யாரிடமும் சொல்லவில்லை.

'மாடிப்படி மாப்பிள்ள' என்று முதலில் நினைத்தாள். தப்பாக இருக்கும் என்று அதே நொடியில் தெரிந்தது.

பகல் சாப்பாட்டு வேளையில் கடைக்குப் பின்னால் இருந்த படிக்கட்டில் அக்காவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். இருவர் மடியிலும் திறக்காத டப்பாக்கள்.

"நேத்து எங்க போன?"

"கண்டுபிடிச்சுட்டியா."

"யாருக்கா அது?"

பெரியவள் கொஞ்ச நேரம் டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள். கோர்வையாக இல்லை. முன்னும் பின்னுமாக, நடுவில் தண்ணீர் குடித்து, ஒரு தடவை "நீ போய் சாப்பிடு" என்று விரட்டி, மறுபடியும் தொடர்ந்து.

ஆஸ்பத்திரி வாசலில் முன்பு ஒருவர் சாவி செய்துகொண்டு, பூட்டு ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாருக்கும் அவர் பூட்டுக்காரர். அவர் மனைவிக்கு நுரையீரல் போய்விட்டது. நான்கு எட்டு நடக்க முடியாது. பேட்டரியில் ஓடும் ஆக்சிஜன் மிஷினை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேற்கே கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். விமான நிறுவனத்துக்கு நோயாளிப் படிவம் தர வேண்டும். அதில் 'பறக்கும் நேரம்' என்று ஒரு கட்டம். அதை நிரப்பும் வேலை கவுண்டரில் இருப்பவருடையது. அந்த நேரத்தைப்போல ஒன்றரை மடங்குக்குப் பேட்டரி கொண்டுபோக வேண்டும் என்பது விதி.

"வியாழக்கெழம. கவுண்டர்ல ஒரே கூட்டம். அட்டவணையப் பாத்தேன். பத்து பத்து, ஒண்ணு. எழுதிட்டேன், ரெண்டு அம்பது. ஆறு வருஷமா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் 'அங்க ஒரு மணி பின்னாடிங்க'ன்னு சொல்லிட்டிருந்தவ நான்தான்டி. கடிகாரம் ரெண்டும் என் முதுகுக்குப் பின்னாடி ஓடிட்டுத்தான் இருந்துச்சு."

சின்னவளுக்குத் தன் திரையில் வந்த இரண்டு ஐம்பது கண்ணுக்குள் நின்றது.

"படிவத்தப் பாத்து மருந்துக்கடைக்காரர் ரெண்டு பேட்டரி குடுத்தாரு. ஒண்ணு ரெண்டேகால் மணி ஓடும். பூட்டுக்காரர் திரும்பி வந்து கேட்டாரு. 'பாப்பா, மூணாவதா ஒண்ணு எடுத்துக்கவா, மனசு கேக்கல'ன்னு. கேட்டாருடி. நான்தான், 'வேணாங்கய்யா, வீண் வாடக, கணக்குப்படி ரெண்டே தாராளம்'னு சொன்னேன். கணக்குப்படின்னு சொன்னேன்."

ஏறி உட்கார்ந்து காத்திருந்தது நாற்பது நிமிடம். பறந்தது மூன்று மணி ஐம்பது நிமிடம். மொத்தம் நாலரை மணி. இரண்டு பேட்டரியும் அதோடு தீர்ந்தன. ஆனால் அந்த ஊரில் மழை. விமானம் இறங்காமல் மேலேயே இருபத்தைந்து நிமிடம் சுற்றியது. விமானத்தில் இருந்த சின்னச் சிலிண்டரைத் தேடி எடுத்து வந்து மாட்டப் பத்து நிமிடம் ஆனது. இரண்டு நாள் கழித்து அந்த அம்மாள் அந்த ஊர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள்.

"அங்க டாக்டர், எப்படியும் ஒரு மாசம் தாங்கியிருக்காதுன்னு சொன்னாராம். அத ஒண்ணப் புடிச்சுக்கிட்டுதான் நான் இத்தன வருஷம் ஓட்டினேன். இருக்கலாம்ல? இருக்கலாந்தான?"

"இருக்கலாம்க்கா."

"ஒனக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அதான் கொடும."

பூட்டுக்காரர் அந்த ஊரில் மகனோடேயே தங்கி, அங்கேயே ஒரு சாவிக்கடை போட்டுக்கொண்டார். ஒரு வருடம் கழித்து, மனைவி இறந்த தேதியில், முதல் முறையாகக் கூப்பிட்டார். சண்டைக்குத்தான் என்று நினைத்துக்கொண்டே இவள் எடுத்தாள். அவர் நன்றி சொன்னார். சக்கர நாற்காலியிலிருந்து முன்வரிசை இருக்கைவரை சொந்த மகள்போலப் பார்த்துப் பார்த்துச் செய்தாயே பாப்பா என்றார். ப்ளேன் லேட்டானதுக்கு யார் என்ன பண்ண முடியும், விதி, இல்லியா பாப்பா என்று கேட்டார்.

"நான் 'ஆமாங்கய்யா'ன்னேன். அந்த ஒரு ஆமா. வருஷா வருஷம் வந்து நன்றி சொல்றாருடி அந்த மனுஷன். திட்டியிருந்தா எப்பவோ சொல்லித் தொலச்சிருப்பேன்."

"நேத்து சொன்னியா?"

பெரியவள் தலையாட்டினாள். இல்லை.

"ப்ளேன்ல உக்காந்து வாட்ச்ச பாத்துக்கிட்டே போனேன். ரெண்டு அம்பது ஆச்சு. கீழ எட்டிப் பாத்தா வெறும் மேகம். ஊருமில்ல ஒண்ணுமில்ல. இன்னும் ஒரு மணி நேரம் பாக்கி. ஒரு மணி நேரம்னா எவ்வளவு நீளம்னு அப்பதான் பாத்தேன். எறங்கினா என் கையில மணி ரெண்டு, அந்த ஊர்ச் சுவத்துல மணி ஒண்ணு. அவர் கடைக்கு பஸ்ல நாப்பது நிமிஷம். நாலு மணிக்குத்தான் திரும்பற ப்ளேன். விலாசம் கையில இருக்கு. எறங்கற எடத்துல பெஞ்சு போட்டிருந்தாங்க. உக்காந்தேன். நாலு மணிக்கு எழுந்து வந்துட்டேன்."

அவ்வளவுதான் அவள் சொன்னது. டப்பாவைத் திறந்து இரண்டு வாய் சாப்பிட்டாள். "அம்மாகிட்ட சொல்லாத. மாப்பிள்ளன்னே நெனச்சுக்கட்டும்" என்றாள்.

அன்று சாயங்காலம் சின்னவள் நானூறு வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். நேர வித்தியாசம் உள்ள ஊர் ஜோடிகள் நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினொன்றும் தப்பு. படித்தவள் போட்டது, மிஷின் கழித்தது, ஒரே நாளில் நூற்றுப் பதினொரு தப்பு. அக்காவுக்காவது ஒன்றுதான். யாரும் படிவத்தில் எடுத்து எழுதும் முன் அக்கா பார்த்துவிட்டாள் என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் என்ன வேறுபாடு? திருத்தி முடித்து, ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 'இது பறக்கும் நேரம் மட்டும். ஏறிக் காத்திருப்பதும், இறங்கத் தாமதமாவதும் இதில் சேராது' என்று ஒரு வரி எழுதினாள். முதலாளி, "இப்படிப் பயமுறுத்தினா எவன்மா டிக்கெட் எடுப்பான்?" என்றார். அவள் அந்த வரியை எடுக்கவில்லை.

ஆறு மாதத்தில் பெரியவளுக்கு வயிற்று வலி வந்தது. கணையம் என்றார்கள். எதிர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், ஜன்னலைத் திறந்தால் கடையின் பெயர்ப்பலகை தெரியும் அறையில் படுத்திருந்தாள். மேற்கே கூட்டிப் போகலாமா என்று அம்மா கேட்டபோது, "அந்த ப்ளேன் வேணாம்மா" என்று மட்டும் சொன்னாள். அவளைப் பார்க்க வந்த விசா அண்ணன் வழக்கம்போல ஏதோ கிண்டல் சொல்லத் தொடங்கி, பாதியிலேயே நிறுத்திக்கொண்டு, ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

ஒரு நாள் பிற்பகலில் சின்னவள் கேட்டாள். "நான் சொல்லிடவாக்கா, அவர்கிட்ட?"

"வேணாம்."

"நீ இல்லாம..."

"நீ சொன்னா அது வெறும் சேதி. செஞ்சது நான். நீ சொல்லக் கூடாது, சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்தாள். "அப்ப நீயே சொல்லு. இப்பவே. நான் போட்டுத் தரேன்." கைப்பேசியை எடுத்து எண்ணை அழுத்தி அக்காவின் காதில் வைத்தாள். மறுமுனையில் மணி அடித்தது. ஒன்று. இரண்டு. பெரியவளின் மெலிந்த விரல் வந்து இணைப்பைத் துண்டித்தது.

"ஒரு அரைமணி கழிச்சுப் பேசறேன்" என்றாள். போனை அணைத்துத் தலையணைக்கு அடியில் வைக்கச் சொன்னாள்.

அரைமணி கழிந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாளும் பேசவில்லை. மருத்துவர் இரண்டு வாரம் என்று சொல்லியிருந்தார்; பதினோராம் நாள் போய்விட்டாள். அவள் சொன்ன எல்லா நேரத்தையும்போல அதுவும் சொன்னதற்கு முன்பே முடிந்துவிட்டது.

கோணல் மேஜையில் இப்போது சின்னவள் உட்காருகிறாள். நேராகப் போடலாமே என்று முதலாளி இழுத்தார். "இருக்கட்டும் சார்" என்றாள். மேஜையின் கடைசி இழுப்பறையில், பழைய ரசீதுகளுக்கு அடியில், ஒரு நோயாளிப் படிவத்தின் நகல் இருந்தது. அக்காவின் சாய்ந்த கையெழுத்து. கட்டத்துக்குள் 2.50.

மழை தொடங்கிய மாதம். அந்தத் தேதியில் காலையிலிருந்தே அக்காவின் கைப்பேசியை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பதினொன்றுக்கு அடித்தது.

"பாப்பா, நல்லா இருக்கியாம்மா? நடுவுல ஒருநா ஒன் நம்பர்லேர்ந்து ரெண்டு மணி அடிச்சு நின்னுபோச்சு. திருப்பிக் கூப்பிட்டா ஆஃப்ல இருக்கு. என்னமோ ஏதோன்னு இருந்தேன்."

"ஐயா, நான் அவங்க தங்கச்சி பேசறேன்."

சொன்னாள். அக்கா போய்விட்டதை மட்டும். பிறகு சாவி தேய்க்கும் இயந்திரத்தின் இரைச்சல் நின்றது. அதுவரை அது ஓடிக்கொண்டிருந்ததே அப்போதுதான் தெரிந்தது. அவர் அழுதார்.

"சின்ன வயசும்மா. என்னைவிட எத்தன வயசு சின்னவ. ஒரு தடவ நேர்ல வந்து கும்பிட்டிருக்கணும் நான். அந்தக் கடன் எனக்கு நின்னுபோச்சு பாரு."

சின்னவள் கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். சத்தியம் செய்த கையைப் பார்த்தாள்.

"வரேன்மா. ஒங்கம்மாவயாவது பாத்துட்டுப் போறேன். ப்ளேன் எவ்வளவு நேரம் ஆகும் இப்பல்லாம்?"

தலை நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். "போகும்போது வரும்போது கொஞ்சம் மாறுங்கய்யா. மூணு அம்பதுன்னு வச்சுக்குங்க. இல்ல... நாலு இருபதுன்னே வச்சுக்குங்க."

"நாலு இருபதா?" என்றார் அவர். பிறகு மெதுவாக, தனக்குத் தானே கேட்பதுபோல, "அப்ப ஒங்கக்கா ரெண்டு அம்பதுன்னுல்ல எழுதினா?" என்றார்.

கடிகாரங்கள் இரண்டும் ஓடின. சின்னவள் 'ஆமாம்' என்று சொல்லவில்லை. 'இல்லை' என்றும் சொல்லவில்லை. மூச்சு மட்டும் அந்தப் பக்கம் கேட்டிருக்கும்.

"வயசாச்சும்மா, எதையாவது ஒளறுவேன்" என்றார் பூட்டுக்காரர். "சரி, நாலு இருபது. எழுதிக்கிட்டேன்."

சாவி இயந்திரம் மறுபடியும் ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டது. அதற்குப் பிறகும் சிறிது நேரம் அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை.